பிரிட்டிஷ் படைகளில் ஆங்கிலிக்கன் குருவானவர்: புதிதாக யோசிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குருப்பட்டம் பெற்ற ஒருவர் ராணுவச் சீருடை அணிந்து என்ன செய்வார், அந்தப் பணிக்கு எப்படிப் போவது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல நாட்டுப் படைகளில் ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் மரபைச் சேர்ந்த, குருவானவர்கள் இருக்கிறார்கள். நான் பிரிட்டனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வழிமுறை அங்கே தெளிவாக வகுக்கப்பட்டிருக்கிறது. நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத்) திருச்சபையும் உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்ததுதான். அதனால் படிப்பவர்களில் சிலருக்காவது இது நேரடியாகப் பயன்படலாம். இந்திய ராணுவத்தில் உள்ள வழியைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

பிரிட்டிஷ் ராணுவத்தின் குருமார் துறை 1796 செப்டம்பர் 23 அன்று அரச ஆணையால் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னும் ரெஜிமென்ட்டுக்கு ஒரு குருவானவர் இருந்தார். ஆனால் பலர் சம்பளத்தை வாங்கிக்கொண்டு படையோடு போகாமலேயே இருந்துவிட்டார்கள். வேலைக்கு வராத குருமார்களால்தான் புதிய துறையே தேவைப்பட்டது. இந்தப் பணியில் சேர நினைக்கும் ஒவ்வொருவரும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரசங்கத் திறமை, இறையியல் அறிவு, உடல் வலிமை எல்லாம் தேவைதான். ஆனால் வீரர்கள் இருக்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்களா என்பதுதான் 1796 முதல் இன்றுவரை இந்தப் பணியை அளக்கும் அளவுகோல்.

வேலையின் தன்மையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

படைகளில் குருவானவரை எல்லோரும் ‘பாட்ரே’ என்று கூப்பிடுவார்கள். ஜெனரலும் அப்படித்தான், நேற்று சேர்ந்த பதினெட்டு வயதுப் பையனும் அப்படித்தான். ஞாயிறு ஆராதனை, திருவிருந்து, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்க ஆராதனை ஆகிய வழக்கமான கடமைகள் உண்டு. கடற்படையில் கப்பலின் மணியைக் கவிழ்த்து அதில் தண்ணீர் ஊற்றிக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்து, பெயரை மணியின் உட்புறத்தில் பொறிக்கும் வழக்கம் இருக்கிறது. தரைப்படையில் லாண்ட் ரோவர் வண்டியின் முன்மூடியோ, தோட்டாப் பெட்டிகளோ திருவிருந்து மேசையாகிவிடும்.

ஆனால் ஒரு நாளின் பெரும்பகுதி இதில் போவதில்லை. வீரர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் கோவிலுக்குப் போகும் பழக்கம் இல்லாதவர்கள். அவர்கள் உங்களிடம் பேச வருவது கடன் தொல்லை, முறிந்துபோன காதல், அம்மாவுக்குப் புற்றுநோய், மேலதிகாரியுடன் தகராறு, தூக்கமில்லாத இரவுகள் ஆகியவற்றைப் பற்றித்தான். மதம் உள்ளவர், இல்லாதவர், வேறு மதத்தவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் நீங்கள்தான் பாட்ரே. 2005 முதல் இந்து, முஸ்லிம், சீக்கிய, பௌத்த சமயத்தவருக்கென்று சிவில் ஊழியர்களாகத் தனி ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் பாலைவன முகாமில் ராத்திரி இரண்டு மணிக்குப் பக்கத்தில் இருக்கப்போவது நீங்கள்தான்.

ஆயுதம் கிடையாது. பிரிட்டிஷ் படைக் குருமார்கள் துப்பாக்கி ஏந்துவதில்லை. 1949-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தங்களின்படி அவர்கள் பாதுகாக்கப்பட்டவர்கள். எதிரியிடம் பிடிபட்டாலும் போர்க் கைதியாகக் கருதப்படுவதில்லை. கைதிகளுக்கு ஆன்மீகப் பணி செய்வதற்காக மட்டுமே அவர்களை வைத்துக்கொள்ளலாம். காகிதத்தில் படிக்க இது நல்ல பாதுகாப்பாகத் தெரியும். நடைமுறையில் பொருள் என்னவென்றால், குண்டு விழும் இடத்துக்கு நீங்கள் வெறுங்கையோடு போகிறீர்கள், உங்களைக் காப்பாற்றும் வேலை மற்றவர்கள் மேல் விழுகிறது. இதை மனதார ஏற்க முடியாதவர்கள் இங்கேயே நின்றுவிடுவது நல்லது.

1942 ஜனவரியில் மலாயாவில் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை, பத்து பஹாட் அருகே செங்காராங் என்ற இடத்தில் காயமுற்றவர்களை விட்டுச்செல்ல நேர்ந்தது. கேம்பிரிட்ஜ்ஷயர் ரெஜிமென்ட்டின் குருவானவர் நோயல் டக்வொர்த் அவர்களோடு அங்கேயே தங்கிவிட்டார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பிரிட்டிஷ் படகு அணிக்குச் சுக்கான் பிடித்த, சிறிய உருவம் கொண்ட மனிதர் அவர். ஜப்பானியர் பிடியில் சாங்கி முகாமிலும், அப்புறம் சயாம் மரண ரயில் பாதையின் மிகக் கொடிய முகாம்களில் ஒன்றான சொங்குராயிலும் கைதிகளோடு இருந்து, பிழைத்து வந்தார். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரமாயிரமாய்ச் செத்த அதே ரயில் பாதை அது. அந்தத் தமிழர்களுக்கு அப்படி ஒருவர் கூட இருந்தாரா என்ற கேள்வி எனக்கு எப்போதும் எழும்.

முதல் படி: ஒரு சபையின் குருவானவர் ஆகுங்கள்

நேரடியாகப் படைக் குருவானவர் ஆகும் குறுக்குவழி எதுவும் இல்லை. முதலில் இங்கிலாந்துத் திருச்சபையில் முறைப்படி குருப்பட்டம் பெற வேண்டும், சில ஆண்டுகள் ஒரு சபையில் ஊழியம் செய்திருக்க வேண்டும்.

உங்கள் சபைக் குருவானவரிடம் பேசுவதில் இது தொடங்கும். அவர் உங்களைத் திருமண்டலத்தில் (ஒரு பேராயரின் கீழ் உள்ள சபைகளின் தொகுதியில்) குருத்துவ அழைப்பைக் கவனிக்கும் பொறுப்பாளரிடம் அனுப்புவார். அந்தப் பொறுப்பாளரோடு பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல், உரையாடல் நடக்கும். சிறுவயது, குடும்பம், கடன், ஜெப வாழ்க்கை, கோபம் என்று எல்லாம் பேச வேண்டிவரும். பிறகு தேசிய அளவில் இரண்டு கட்டத் தேர்வு உண்டு. முதல் கட்டம் குறுகிய நேர்காணல்கள். இரண்டாவது கட்டம் தேர்வாளர்களோடு ஓரிடத்தில் தங்கி நடப்பது. தேர்வாளர்கள் தங்கள் கருத்தைச் சொல்வார்கள், முடிவு பேராயருடையது.

தேர்வானால் இறையியல் கல்லூரியில் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் படிப்பு. வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் படிக்கவும் வழி இருக்கிறது. படிப்பு முடிந்ததும் டீக்கன் பட்டம், ஏறக்குறைய ஓராண்டு கழித்துக் குருப்பட்டம். அதன்பின் மூத்த குருவானவர் ஒருவரின் கீழ் உதவி ஊழியராக மொத்தம் மூன்று, நான்கு ஆண்டுகள். 1994 முதல் பெண்களும் குருப்பட்டம் பெறுகிறார்கள். முப்படைகளிலும் பெண் குருமார்கள் இருக்கிறார்கள்.

ராணுவத்துக்குப் போகும் அவசரத்தில் இந்தச் சபை ஆண்டுகளைச் சகித்துத் தள்ள வேண்டிய காலமாக நினைப்பவர்கள் உண்டு. அது தவறு என்பேன். ஒரு சபையில்தான் தொண்ணூறு வயதுக் கிழவியின் மரணப் படுக்கையில் உட்காரக் கற்கிறீர்கள். குழந்தையைப் பறிகொடுத்த வீட்டில் வாயை மூடிக்கொண்டு இருக்கப் பழகுகிறீர்கள். உங்களைப் பிடிக்காத கமிட்டி உறுப்பினரோடு வாராவாரம் வேலை செய்கிறீர்கள். முதல் உலகப் போரில் மிக உயர்ந்த விருதுகளைப் பெற்ற தியோடர் பெய்லி ஹார்டி, போருக்குப் போவதற்கு முன் பள்ளித் தலைமை ஆசிரியராகவும், ஹட்டன் ரூஃப் என்ற சிறிய கிராமத்தின் குருவானவராகவும் இருந்தவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது என்று முதலில் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். 1916-இல்தான் பிரான்சுக்குப் போக முடிந்தது.

இரண்டாவது படி: ஓரமாக நின்று பாருங்கள்

முழுநேரப் பணிக்கு விண்ணப்பிக்கும் முன் ருசி பார்க்க மூன்று வழிகள் உண்டு. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் பதின்ம வயதினருக்கான கேடட் அமைப்புகள் நாடு முழுக்க இருக்கின்றன. அவற்றுக்குத் தன்னார்வக் குருமார்கள் எப்போதும் தேவைப்படுகிறார்கள். வாரத்தில் ஒரு மாலை, வருடத்தில் ஒரு முகாம் என்ற அளவில் நேரம் கொடுத்தால் போதும்.

அடுத்தது, பக்கத்து முகாமுக்குப் பகுதிநேரமாகப் போய்வரும் சிவில் குருவானவர் பொறுப்பு. மூன்றாவது, ரிசர்வ் படை. சபையில் இருந்துகொண்டே ஆண்டுக்கு 27 நாள் அளவில் சேவை செய்யலாம். அதில் இரண்டு வார முகாமும் சேரும். உங்கள் பேராயரும் சபையும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். முழுநேரத்துக்குப் போக முடியாத பலருக்கு ரிசர்வ் பணியே வாழ்நாள் ஊழியமாக அமைந்துவிடுகிறது. அதைக் குறைவாக நினைக்கத் தேவையே இல்லை.

மூன்றாவது படி: விண்ணப்பம்

இங்கே இரண்டு வாசல்கள். இரண்டும் திறக்க வேண்டும்.

ஒன்று திருச்சபையின் வாசல். இங்கிலாந்துத் திருச்சபையில் படைகளுக்கென்றே ஒரு பேராயர் இருக்கிறார். கான்டர்பரி தலைமைப் பேராயரின் சார்பாக அவர் படைக் குருமார்களைக் கண்காணிக்கிறார். ஒவ்வொரு படைக்கும் ஒரு தலைமைக் குரு உண்டு. உங்கள் சொந்தப் பேராயரின் பரிந்துரை, குழந்தைகள் பாதுகாப்பு தொடர்பான பின்னணிச் சோதனை எல்லாம் இந்தப் பக்கம். சேர்ந்த பிறகும் நீங்கள் திருச்சபையின் மனிதர்தான். திருச்சபை தன் அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றால் பணியில் தொடர முடியாது.

மற்றொன்று படையின் வாசல். முதலில் ஏதாவது ஒரு படைப்பிரிவுக்குச் சில நாள் அறிமுகப் பயணமாக அனுப்புவார்கள். அப்போது அதிகாரிகளோடு மட்டும் உட்கார்ந்து பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். சமையற்கட்டிலும் வண்டிகள் பழுதுபார்க்கும் கொட்டகையிலும் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதில் உங்களைப் பற்றி உங்களுக்கே நிறையத் தெரிந்துவிடும். அப்புறம் நேர்காணல், அதிகாரிகளுக்கான தேர்வு, மருத்துவப் பரிசோதனை. தரைப்படைத் தேர்வு வெஸ்ட்பரியிலும், விமானப்படைத் தேர்வு கிரான்வெல்லிலும் நடக்கும். மருத்துவப் பரிசோதனை கண்டிப்பானது. சிறுவயதில் ஆஸ்துமா இருந்திருந்தால்கூட விவரமாகக் கேட்பார்கள். ஓட்டப் பயிற்சியை ஆறு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். முதுகில் பாரம் சுமந்து நடக்கவும் பழகுங்கள். கடற்படைக்கு நீச்சல் கட்டாயம். வயது வரம்பும் குடியுரிமை விதிகளும் அவ்வப்போது மாறுகின்றன. அந்தந்தப் படையின் ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வதே சரி.

நேர்காணலில் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சில கேள்விகளுக்கு உங்களிடம் நேர்மையான பதில் இருக்க வேண்டும். நீங்கள் ஆதரிக்காத ஒரு போருக்குப் படை அனுப்பப்பட்டால் கூடப் போவீர்களா? அணு ஆயுதம் தாங்கிய நீர்மூழ்கிக் கப்பலின் மாலுமிகளுக்கு ஊழியம் செய்வீர்களா? கடவுளே இல்லை என்பவனின் கல்லறையில் அவன் தாய் உங்களைப் பேசச் சொன்னால் என்ன பேசுவீர்கள்? உங்கள் திருச்சபையின் வழக்கத்திலிருந்து மாறுபட்ட கத்தோலிக்க, மெதடிஸ்ட் குருமார்களோடு ஒரே அலுவலகத்தைப் பகிர்வீர்களா? பதில்கள் மனப்பாடமாக இருக்கக் கூடாது. மனைவியிடமோ கணவரிடமோ நெருங்கிய நண்பரிடமோ முன்பே பேசிப் பார்த்திருக்க வேண்டும்.

நான்காவது படி: பயிற்சி

தரைப்படையில் சேர்பவர்கள் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் மருத்துவர்கள், வழக்கறிஞர்கள் போன்ற தொழில் தகுதி பெற்றவர்களோடு சேர்ந்து சில வாரக் குறுகிய பயிற்சி பெறுகிறார்கள். கடற்படைக்கு டார்ட்மத், விமானப்படைக்குக் கிரான்வெல். படைக் குருமார்களுக்கான தனிப் பயிற்சி முன்பு ஹாம்ப்ஷயரில் உள்ள ஆம்போர்ட் மாளிகையில் நடந்துவந்தது. 2020-இல் அது ஷ்ரிவென்ஹாமுக்கு மாறியது.

பாராசூட் ரெஜிமென்ட்டோடோ ராயல் மரீன்களோடோ பணியாற்ற விரும்பினால் அவர்களுடைய கடினத் தேர்வுகளையும் எழுந்து நின்று சந்திக்க வேண்டும். மரீன்களின் கமாண்டோ தேர்வின் கடைசி நாள் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் 30 மைல் நடை. அதிகாரிகளுக்கு 7 மணி நேரம்தான். அதே மேட்டில் அதே மழையில் நடந்த குருவானவரை மரீன்கள் வெளியாளாகப் பார்ப்பதில்லை.

பதவி நிலை பற்றி ஒரு வார்த்தை. தரைப்படையில் புதிய குருவானவருக்குக் கேப்டனுக்கு நிகரான நிலை, துறைத் தலைவருக்கு மேஜர் ஜெனரலுக்கு நிகரான நிலை. தோளில் நட்சத்திரங்கள் இருந்தாலும் யாருக்கும் உத்தரவிடும் அதிகாரம் கிடையாது. கடற்படைக் குருவானவருக்குப் பதவி நிலையே இல்லை. யாரோடு பேசுகிறாரோ அவருடைய நிலையை அந்த நேரத்துக்கு எடுத்துக்கொள்கிறார் என்பது அங்குள்ள மரபு. மூன்றிலும் கடற்படை மரபே இந்தப் பணியின் மனதுக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம்.

சம்பளம் சபை ஊழியத்தைவிட நன்றாகவே இருக்கும். அதற்காக மட்டும் யாரும் நீண்ட நாள் தாக்குப்பிடித்ததாகத் தெரியவில்லை.

ஐந்தாவது படி: முதல் ஆறு மாதம்

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

அலுவலக அறையில் உட்கார்ந்து யாராவது வருவார்களா என்று காத்திருக்காதீர்கள். வரமாட்டார்கள். காலையில் உடற்பயிற்சிக்கு எல்லோரோடும் ஓடுங்கள். கடைசி ஆளாக வந்தாலும் பரவாயில்லை, கடைசியில் ஓடுபவன்தான் பேச்சுத் துணை தேடுபவன். காவல் அறைக்கு ராத்திரியில் போங்கள். பழுதுபார்க்கும் கொட்டகையில் டீ குடியுங்கள். பெயர்களை நினைவில் வையுங்கள், பிள்ளைகளின் பெயர்களையும் சேர்த்து. கிறிஸ்துமஸ் காலையில் அதிகாரிகள் ரம் கலந்த தேநீரை வீரர்களின் படுக்கைக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் பழைய வழக்கம் ராணுவத்தில் உண்டு. அந்த வரிசையில் நீங்களும் கெட்டிலோடு நிற்க வேண்டும்.

முதல் உலகப் போரின் தொடக்கத்தில் ஆங்கிலிக்கன் குருமார்கள் முன்வரிசைப் பதுங்குகுழிகளுக்குப் போகக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. அது பிறகு தளர்ந்தது, ஆனால் அதனால் விழுந்த கெட்ட பெயர் பல ஆண்டுகள் நீடித்தது. ‘கத்தோலிக்கப் பாதிரியார் எங்களோடு இருந்தார், எங்கள் குருவானவர் பின்னால் இருந்தார்’ என்ற கசப்பு அது. அந்தப் பெயரை மாற்றியவர்களில் ஒருவர் ஜெஃப்ரி ஸ்டடர்ட் கென்னடி. உட்பைன் சிகரெட்டுகளை வாரி வழங்கியதால் வீரர்கள் அவருக்கு ‘உட்பைன் வில்லி’ என்று பெயர் வைத்தார்கள். ஹார்டி பிரான்சுக்கு வந்தபோது அவரிடம்தான் ஆலோசனை கேட்டார். வீரர்களோடு வாழுங்கள், அவர்கள் போகும் இடமெல்லாம் போங்கள், நடுவில் நிற்காமல் மிக முன்னால் போங்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். ஹார்டி அப்படியே செய்தார். இருட்டில் பதுங்குகுழிக்குள் இறங்கும்போது ‘நான்தான்’ என்று மெல்லச் சொல்லிக்கொண்டு வருவாராம். அவரைப் பின்னால் கொண்டுவருவதற்காகவே மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தன் சொந்தக் குருமார்களில் ஒருவராக அவரை நியமித்தார். ஆனால் அவர் வீரர்களை விட்டு வர மறுத்துவிட்டார். 1918 அக்டோபரில் காயமுற்று ரூவான் நகர மருத்துவமனையில் இறந்தார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் உட்பட மூன்று வீர விருதுகள் பெற்றிருந்தார்.

எல்லோருக்கும் முன்வரிசைதான் இடம் என்றும் நினைக்க வேண்டாம். பெல்ஜியத்தின் போப்பரிங்கே ஊரில் ஃபிலிப் கிளேட்டன் என்ற குருவானவர் 1915 டிசம்பரில் டால்பட் ஹவுஸ் என்ற வீட்டைத் திறந்தார். போர்முனையிலிருந்து சில மைல் தள்ளி, அதிகாரியும் சிப்பாயும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் இடம். உள்ளே வருபவர்கள் பதவி நிலையை வெளியே விட்டுவிட்டு வர வேண்டும் என்று தன் அறை வாசலில் எழுதி வைத்திருந்தார். மாடியில் ஒரு சிறிய ஜெப அறை. கீழே தேநீர் குடித்தவர்களில் பலர் படியேறிப் போனார்கள். அந்த வீட்டிலிருந்து பிறந்த டாக் எச் இயக்கம் இந்தியாவுக்கும் வந்தது. கொச்சி வைற்றிலாவில் உள்ள டாக் எச் பள்ளியின் பெயரில் அது இன்னும் இருக்கிறது. வாய்ப்பு கிடைத்தால் முகாமில் அப்படி ஒரு மூலையை உருவாக்குங்கள். நல்ல நாற்காலி, சூடான தேநீர், மேலதிகாரி யாரும் உத்தரவு போட முடியாத இடம்.

ரகசியம் காப்பது

இதில் ஒரு முறை தவறினாலும் அந்தப் படைப்பிரிவில் உங்கள் ஊழியம் முடிந்தது. படையில் ஒரு வீரன் பேசும் மற்ற எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் அவனைப் பற்றி அறிக்கை எழுதக் கூடியவர்கள். நீங்கள் மட்டுமே அந்த அதிகாரச் சங்கிலிக்கு வெளியே இருக்கிறீர்கள்.

முறையான பாவ அறிக்கையின் ரகசியத்தை இங்கிலாந்துத் திருச்சபையின் 1603-ஆம் ஆண்டுச் சட்ட விதியே காக்கிறது. ஆனால் தேநீர் நேரத்துப் பேச்சு வேறு வகை. உயிருக்கு ஆபத்து, குழந்தைக்கு ஆபத்து என்று வரும்போது நீங்கள் சும்மா இருக்க முடியாது. அதனால் பேச்சு ஆழமாகப் போகிறது என்று தெரிந்தவுடனே எதை என்னால் ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்று சொல்லிவிடுங்கள். தற்கொலை எண்ணம் பற்றி ஒருவர் சொன்னால், “வாங்க, இரண்டு பேரும் சேர்ந்தே டாக்டரைப் பார்ப்போம்” என்று சொல்லிக் கூடவே நடந்து போங்கள். தனியாக அனுப்பாதீர்கள்.

கமாண்டிங் ஆபீசர் உங்களிடம் “பையன்கள் மனநிலை எப்படி இருக்கு, பாட்ரே?” என்று கேட்பார். கேட்பது அவர் கடமை. பொதுவான நிலையைச் சொல்லுங்கள், உணவு மோசம், விடுமுறை ரத்தானதில் கோபம் என்று. யார் சொன்னது என்பது தெரியும்படியான ஒரு விவரமும் வெளியே வரக் கூடாது. நோட்டுப் புத்தகத்தில் பெயர், பிறந்த நாள் எழுதுங்கள். சொன்ன கதையை எழுதாதீர்கள்.

மரணம் நேரும்போது

போர்க்களத்தில் குருவானவரின் வழக்கமான இடம் மருத்துவ உதவி முகாம். காயமுற்றவர் வரும்போது டாக்டருக்கு இடைஞ்சல் இல்லாமல், தலைமாட்டில் முகம் தெரியும்படி இருங்கள். பேசுங்கள், கையைப் பிடியுங்கள். நீளமான ஜெபம் வேண்டாம். இறந்துவிட்டால் சடலத்தைத் துணி மூடும்வரை அங்கே நில்லுங்கள். அதன்பின் அவனோடு இருந்த நண்பர்களைத் தேடிப் போங்கள், அவர்களுக்கு அந்த இரவுதான் மிக நீண்டது. டாக்டரையும் செவிலியரையும் மறக்காதீர்கள்.

இங்கிலாந்தில் இருக்கும் குடும்பத்துக்குச் செய்தி சொல்ல ஒரு அதிகாரி நியமிக்கப்படுவார். பல நேரங்களில் குருவானவரும் கூடப் போவார். கதவைத் திறந்தவுடன் தெளிவாக, சுற்றி வளைக்காமல் சொல்லப்பட வேண்டும். அதற்குப் பிறகு பல மாதங்கள் கழித்தும் அந்த வீட்டுக்குப் போங்கள். முதல் பிறந்த நாள், முதல் கிறிஸ்துமஸ் தேதிகளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

உடல் கிடைக்காத குடும்பங்களுக்கு ஒரு ராணுவக் குருவானவர் செய்த காரியத்தை இங்கே சொல்ல வேண்டும். டேவிட் ரெயில்டன் 1916-இல் பிரான்சின் ஆர்மென்டியர் அருகே ஒரு தோட்டத்தில் பெயர் தெரியாத ஒரு பிரிட்டிஷ் வீரனின் கல்லறையைப் பார்த்தார். 1920-இல், மன்னர்கள் பலர் அடக்கம் செய்யப்பட்ட லண்டன் தேவாலயமான வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் தலைமைக் குருவுக்குக் கடிதம் எழுதினார்: அடையாளம் தெரியாத ஒருவரை நாட்டின் சார்பாக மன்னர்களின் நடுவே அடக்கம் செய்யலாமே என்று. அதே ஆண்டு நவம்பர் 11 அன்று அது நடந்தது. மகன் எங்கே விழுந்தான் என்றே தெரியாத தாய்மார்கள் அந்தக் கல்லறையைத் தங்கள் மகனுடையது என்று எண்ணி அழ முடிந்தது. ரெயில்டன் போர்முனையில் திருவிருந்து மேசைக்கு விரித்த கொடி இன்றும் அந்த அபேயில் தொங்குகிறது.

மனசாட்சி

போரை ஆசீர்வதிப்பது உங்கள் வேலை இல்லை. போருக்கு அனுப்பப்பட்டவர்களோடு இருப்பதுதான் வேலை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு ஒவ்வொரு பிரசங்கத்திலும் சோதிக்கப்படும். ஸ்டடர்ட் கென்னடியே தொடக்கத்தில் வீரர்களுக்குப் போர் வெறியேற்றும் விதமாகப் பேசியவர்தான். பிறகு அதற்காக வருந்தி, போரைக் கடுமையாக எதிர்ப்பவராக மாறினார். 1982-இல் அர்ஜென்டினாவுடன் நடந்த ஃபாக்லாந்துப் போருக்குப் பின் லண்டன் புனித பவுல் பேராலயத்தில் நடந்த ஆராதனையில், கான்டர்பரி தலைமைப் பேராயர் ராபர்ட் ரன்சி அர்ஜென்டினாவில் துக்கப்படுபவர்களையும் நினைவுகூர்ந்தார். சில அரசியல்வாதிகளுக்கு அது பிடிக்கவில்லை. ரன்சி இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படை அதிகாரியாக இருந்து வீர விருது பெற்றவர், போர் என்றால் என்னவென்று தெரிந்தவர். போரில் இறந்தவர்களுக்கான நவம்பர் மாத நினைவு ஞாயிறு ஆராதனைக்குத் தயாராகும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரியின் தாய்க்காகவும் ஜெபிக்க உங்களுக்கு உரிமையும் கடமையும் இருக்கிறது.

உங்கள் மனதுக்கும் யாராவது வேண்டும். படைக்கு வெளியே ஒரு ஆன்மீக வழிகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள், மாதம் ஒரு முறையாவது பேசுங்கள். எல்லோருடைய துயரத்தையும் கேட்பவர் தன் துயரத்தை யாரிடமும் சொல்லாமல் இருந்தால் சில ஆண்டுகளில் உடைந்துபோவார்.

குடும்பத்தைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை ஊர் மாற்றம் வரும். பிள்ளைகளின் பள்ளி, துணையின் வேலை எல்லாம் ஆடிப்போகும். நீங்கள் மாதக்கணக்கில் கடலிலோ பாலைவனத்திலோ இருக்கும்போது முகாமில் தனியாக இருக்கும் குடும்பங்களில் உங்கள் குடும்பமும் ஒன்றாக இருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ யோசிப்பவர்களுக்கு

சி.எஸ்.ஐ. அல்லது இலங்கைத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவர் இங்கிலாந்துத் திருச்சபையில் ஊழியம் செய்ய, வெளிநாட்டுக் குருமார் தொடர்பான 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கான்டர்பரி அல்லது யார்க் தலைமைப் பேராயரின் அனுமதி பெற வேண்டும். முதலில் இங்கிலாந்தில் ஒரு சபையில் சில ஆண்டுகள் பணியாற்றி, அந்த நாட்டின் பேச்சும் பழக்கமும் பிடிபட்ட பிறகே படைகளைப் பற்றி யோசியுங்கள்.

இந்திய ராணுவத்தில் வழி வேறு. அங்கே சமய ஆசிரியர் என்ற பிரிவில் பண்டிட், கிரந்தி (சீக்கியக் குரு), மௌல்வி, பாதிரியார், பௌத்தத் துறவி ஆகியோரை நாயிப் சுபேதார் நிலையில் சேர்க்கிறார்கள். இது இளநிலை ஆணை பெற்ற அதிகாரி நிலை, பிரிட்டனில் போலக் கேப்டனுக்கு நிகரானது இல்லை. ஏதாவது ஒரு பட்டப்படிப்பு வேண்டும். முறையாகக் குருப்பட்டம் பெற்று, உள்ளூர்ப் பேராயரின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்க வேண்டும். அறிவிப்பு ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் வரும். இடங்கள் குறைவு, அதனால் அறிவிப்பு வரும் முன்பே பேராயர் அலுவலகத்தில் சான்றிதழைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கலப்புப் படைப்பிரிவுகளில் எல்லா மதத்தினருக்கும் பொதுவான ஒரே வழிபாட்டு வளாகம் இருக்கும். பண்டிட்டோடும் மௌல்வியோடும் தோழமையாக வேலை செய்யத் தெரிந்தவருக்கே அது ஏற்ற இடம்.

இங்கிலாந்தில் ஏற்கெனவே சபை ஊழியத்தில் இருப்பவர் என்றால், இந்த மாதமே செய்யக் கூடியது ஒன்று உண்டு. உங்கள் ஊர்க் கேடட் பிரிவு எந்தக் கிழமை மாலையில் கூடுகிறது என்று விசாரித்து, அந்தக் கிழமையில் கமிட்டிக் கூட்டம் வைக்காதபடி நாட்காட்டியை மாற்றிவிட்டு, பொறுப்பாளருக்கு ஒரு போன் செய்யுங்கள்.